சென்னம்மா காரம்

மிளகாயைக் கழுவித் துடைத்த பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும், ஐயா. முதலில் கிள்ளினால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். வீட்டில் காரச்சாறு போட ஆரம்பிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். நாங்களும் விட்டோம். எங்கள் முதல் ஜாடி பூஞ்சை பிடித்தது. நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தது.

குருபரப்பள்ளியில் ரோட்டோரம் எங்கள் சாப்பாட்டுக் கடை. பெங்களூரிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் சிவப்புச் சாறு பாட்டில் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். துரைமார்கள் சோற்றில் ஊற்றிக்கொள்வதாம். என் மனைவி சென்னம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "இத நம்ம வூட்லயே போடலாம்யா" என்றாள்.

போட்டாள். பழமிளகாயை உப்போடு அரைத்து, ஜாடியில் புளிக்கவிட்டு, புளிக்கரைசல் சேர்த்துப் பித்தளை அண்டாவில் கொதிக்கவைத்து வடிகட்டினாள். லாரிக்காரர்கள் 'சென்னம்மா காரம்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் வண்டியை நிறுத்தியது என் பேச்சுக்காக. குழம்பு சுமார்தான், திம்மப்பன் வாய்க்குத்தான் கூட்டம் என்பார்கள்.

பிறகு அவள் காரம் போட்டு விற்க ஓசூருக்குப் போகிறேன் என்றாள். அங்கே கடைத்தெருவில் அவள் அக்கா மங்கம்மாவுக்கு ஒரு அறை சும்மா கிடந்தது. கடை நிறைந்த நேரத்தில் டிரைவர் கங்கப்பன் கேட்டான்:

"அப்போ அண்ணன் கதி இன்னா அண்ணி?"

"அவரும் வரட்டும். பாட்டில் கழுவ ஆளு வேணுமில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். நல்ல கேலிதான், ஐயா. ஆனால் அந்தக் கடையில் கேலி பேசுவது என் வேலை.

பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். பூச்சில்லாத பித்தளையில் புளி பட்டால் பச்சைக் களிம்பு ஏறும், களிம்பு குடலைத் தின்னும். ஈயம் பூசுகிற நாராயணப்பன் வந்தபோது, நாங்கள் மண்பானைக்கு மாறிவிட்டோம் என்று அனுப்பிவிட்டேன். பிறகு அண்டாவை வெளியே போட்டுச் செங்கல்தூளும் மணலுமாக உட்புறத்தைத் தேய்த்தேன். பிறந்ததிலிருந்து நான் பாத்திரம் தேய்த்தது அதுதான் முதல் தடவை. சென்னம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈயம் பூரா போயிடுச்சேய்யா" என்றாள் பிறகு.

"ஈயக்காரர் ஊர்ல இல்ல. அதுக்குள்ள மிளகாப்பழம் அழுகிடும். ஒரு தடவ காய்ச்சினா ஒண்ணும் ஆவாது" என்றேன்.

நம்பினாள். காய்ச்சிய சாறு அண்டாவிலேயே கிடந்தது. தான் ருசி பார்க்காமல் அவள் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டாள். புளிப்பு ஏறிற்றா, உப்பு நிற்கிறதா என்று கரண்டியும் கையுமாகவே இருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வயிற்றுப்புண் என்றேன். அந்தச் சாறு ஒரு துளிகூட லாரிக்காரர்களுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் குழி தோண்டி ஊற்றினேன். குடும்பம் குட்டி உள்ளவர்கள், பாவம்.

அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. காரம்தான் குடலைச் சுட்டுவிட்டது, மோர் குடித்தால் அடங்கும் என்று சொன்னேன். பித்தளைச் சொம்பையும் அதே மாதிரி தேய்த்துத்தான் வைத்திருந்தேன். முதல்நாளே ஊற்றிவைத்த புளித்த மோர்.

"இன்னாய்யா, பச்சையா இருக்குது?"

"கருவேப்பிலை அரைச்சு வுட்டிருக்கேன்."

"நீயா அரைச்ச?" என்று அந்த நிலையிலும் சிரித்தாள். "ஓசூருக்கு வா. பாட்டில் கழுவ வேணாம், கல்லாவுல குந்திக்க. உன் பேச்சு இல்லாம எவன்யா வாங்குவான்?"

சொம்பு என் கையில்தான் இருந்தது. கீழே வைத்திருக்கலாம். அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். மறுநாளும் புகட்டினேன். அதற்கு மறுநாள் தேவைப்படவில்லை.

எங்களுக்குள் பகை என்று மங்கம்மா புகாரில் எழுதிக்கொடுத்திருக்கிறாளாம். அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. ஊற்றிய மோரில் ஒரு மடக்குகூட அவள் மிச்சம் வைக்கவில்லை. பகை இருந்திருந்தால் என் கையால் வாங்கிக் குடித்திருப்பாளா?