பூசையில் வைத்த சப்பாத்து

லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள். யூனிவர்சிற்றியில் ஓர்கன் வாசிக்கப் படிக்கிறார்களாம்.

"என்ர சப்பாத்தை அம்மா சரஸ்வதி பூசையிலை வைச்சிட்டா."

"சப்பாத்தையோ?"

"வாசிக்கிற வாத்தியத்தை வைக்க வேணுமாம். ஓர்கனைச் சேர்ச்சிலை இருந்து கழட்டிக்கொண்டு வரேலுமே? கீழ்க்கட்டையளைக் காலாலை வாசிக்கிறனெல்லே, அந்தச் சப்பாத்துத்தான் வீட்டிலை கிடந்தது. துடைச்சு, சந்தனப் பொட்டும் வைச்சிட்டா."

"இண்டைக்கு உனக்குச் சோதினையெல்லே?"

"ஓம். விசயதசமிக்கு முதல் தொடக் கூடாதாம். அது நாளைக்கு."

"அப்ப என்னடி செய்தனீ?"

"வெறுங்காலோடை வாசிச்சன். சப்பாத்து எங்கையெண்டு புரொஃப் கேட்டார்."

"என்ன சொன்னனீ?"

"வீட்டிலை, கடவுளுக்குப் பக்கத்திலை எண்டன். பிறகு மனிசன் சொல்லுறார், நான் இவ்வளவு நாளும் இப்பிடி வாசிக்கேல்லையாம், கால் நல்லா வேலை செய்ததாம்."

மற்றவள் கழுத்துச் சிலுவையைத் திருகியபடி கேட்டாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமை சோதினை. என்ர சப்பாத்தையும் உன்ர அம்மா ஒருக்கா வைச்சு எடுப்பாவோ?"