ஓ மல்-சுன் நிறுத்திய பேருந்து

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் க்வாக் தோங்-சிக் அவர்களே, மழையையும் பாராமல் காரில் வந்து சேர்ந்திருக்கும் சோல்மே ஊர்ப் பெருமக்களே, வணக்கம். தாமதமாக வந்தேன். நனைந்த சட்டையோடு அஞ்சலிப் படத்துக்கு முன்னால் நின்றேன். தலைவர் முறைத்தார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் தேரைக் காப்புக் குழுவின் தலைவி ஓ மல்-சுன் இறந்து இன்று நாற்பத்தொன்பதாம் நாள், நம் வழக்கப்படி விடைகொடுக்கும் சடங்கு நாள். வெள்ளைச் செவ்வந்தி. அரிசிக் கேக். ஒரு குறையும் இல்லை. "அவரைப் போல் இன்னொருவர் உண்டா?" என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நல்ல கேள்வி. உயிரோடு இருந்தபோது அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள்? தேரைப் பைத்தியம்!

அவர் பேருந்து ஓட்டினார். வசந்தத்தின் முதல் மழையில் தேரைகள் மலையிலிருந்து இறங்கி ஏரிக்கு முட்டையிடப் போகும். நடுவில் நம் சாலை. பெண் தேரை மெதுவாக நகரும், முதுகில் ஆண் தேரை. சக்கரம் ஏறினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு மாலை அவர் பேருந்தை நடுச்சாலையில் நிறுத்தினார்.

"எல்லாரும் எறங்குங்க. ஆளுக்கு ரெண்டு தூக்கிட்டுப் போய் ஏரிப் பக்கம் விடுங்க."

"யக்கா, வீட்ல பசியோட உக்காந்திருக்காங்க. வண்டிய எடு!"

"அதுங்க கல்யாணத்துக்குப் போகுதுடா. உனக்குத்தான் ஒண்ணும் அமையல. அதுங்களையாவது விடு."

சிரித்தீர்கள். இறங்கினீர்கள். மறுநாள் புகார் செய்தீர்கள். அவர் வேலை போயிற்று. புகார் செய்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கறுப்பு உடை பொருத்தமாக இருக்கிறது.

அவர் புனிதர் இல்லை. குழு தொடங்கிய முதல் வசந்தத்தில், முட்டையிட்டு முடித்து மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த தேரைகளையும் பிடித்துப் பிடித்து ஏரியிலேயே விட்டார். அவை மறுபடி ஏறி வந்தன. மறுபடி ஏரி. அவை வீடு திரும்புகின்றன என்று, குழுவில் அவரோடு இருந்த நான் போய்ச் சொன்னேன். சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

"போகுதா வருதான்னு அது மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு?"

பிறகு என் பக்கம் திரும்பினார்: "ஏன் தம்பி, இத முன்னாடியே சொல்ல வாய் வலிச்சுதா?"

அதற்குப் பிறகு, தேரை எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோனார்.

அவர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான். வசந்தத்தில், மழை பெய்யும் மாலைகளில் மட்டும், ஏரிச் சாலையை மூடுங்கள். சுற்றிப் போகப் பெரிய சாலை இருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலிலிருந்தும் தலைவருக்குப் போன் செய்தார். பக்கத்தில் நான் இருந்தேன். தலைவரின் குரல் வெளியே கேட்டது.

"அக்கா, கால் மணி நேரம் சுத்தணும். தேரைக்கு ஓட்டு இருக்கா சொல்லுங்க, நாளைக்கே மூடுறேன்."

"எனக்கு இருக்குல்ல?"

"நீங்க மொதல்ல பொழச்சு வாங்க."

பிழைக்கவில்லை. ஒரு ஓட்டு குறைந்தது. சற்று முன் தலைவர் அறிவித்தார்: அவர் நினைவாக ஏரிச் சாலையோரம் கல்லில் ஒரு தேரை. கை தட்டினீர்கள். கல் தேரை நல்லது. சாலையைக் கடக்காது.

இப்போது காரணம். மதியத்திலிருந்து மழை. இந்த ஆண்டின் முதல் வெதுவெதுப்பான மழை. அவருக்கு அஞ்சலி செலுத்த எந்த வழியாக வந்தீர்கள்? கால் மணி நேரம் சுற்றியா? நான் உங்களுக்குப் பின்னால் ஏரிச் சாலையில் நடந்து வந்தேன். குனிந்து குனிந்து வந்தேன்.

படத்துக்குக் கீழே, செவ்வந்திகளுக்கு நடுவில், வெள்ளைத் துணி மூடிய நீல வாளி. நான் வைத்தது. அதன் முன்னும் சிலர் தலை வணங்கினீர்கள். துணியை விலக்கிப் பாருங்கள். உங்கள் சக்கரங்கள் செலுத்திய அஞ்சலி அது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். எடுப்போம். வாயால் வேண்டாம். மலையிலிருந்து தேரைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. கதவருகே காலி வாளிகள், கையுறைகள். நடந்து போவோம். அதற்கு முன் கார் சாவிகளை இந்த நீல வாளியில் போடுங்கள். இப்போது கையை உள்ளே விட வேண்டியதில்லை. காலையில் சாவியை எடுக்கும்போது விட வேண்டியிருக்கும்.

தலைவர் அவர்களே, உங்கள் சாவி முதலில்.