லிட்டருக்கு ஒன்பது

சார், ஒரு பிக்கப் வண்டி காலியாக ஓடினால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும். பின்னால் படகைக் கட்டி இழுத்தால் ஏழு கொடுத்தாலே பெரிய விஷயம். எடை ஒரு பக்கம், படகின் மூக்கு நிமிர்ந்து நின்று காற்றைப் பிடித்துக்கொள்வது இன்னொரு பக்கம். வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். எங்கள் முதலாளி ஹரோல்டுக்குத்தான் தெரியவில்லை. அவர் வண்டி வைத்திருக்கிறாரே தவிர ஓட்டுவதில்லை.

என் பெயர் இன்பராஜ். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. பதினெட்டு வருஷம் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தவன். போன வருஷம் என் மனைவி சாரதாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் ரயிலில் போய்வந்துகொண்டிருந்த நாட்களில் அவள் முதுகில் புண் வந்தது. டாக்டர் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே எலும்பு தெரிந்தது. அன்றைக்கே, சார், இனி அந்த ரயிலில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஹரோல்டிடம் கெஞ்சித்தான் இந்த வேலையை வாங்கினேன். அவர் ஏரியில் போட்டிங் விடுகிறவர். காலையில் ஷெட்டிலிருந்து படகை இழுத்துப்போய் ஏரியில் இறக்க வேண்டும், சாயங்காலம் திருப்பி இழுத்துவர வேண்டும். தண்ணீரிலேயே விட்டுவைத்தால் மோட்டார் காணாமல் போய்விடும். நடுவில் நான் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சாரதாவைப் புரட்டிவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். புண் ஆறிவந்தது.

ஒருநாள் ஹரோல்ட் என்னைக் கூப்பிட்டார்.

"இன்பராஜ், முன்னாடி இருந்த டிரைவர் பத்து காட்டினான். நீ ஆறரை காட்டுற. மிச்ச டீசல் எங்க போவுது?"

"அவன் தக்காளி லோடு அடிச்சான் சார். நான் போட் இழுக்கறேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்பது வரணும். வரலன்னா சாவிய வெச்சிட்டுப் போயிடு. திருடனுக்கு நான் சோறு போட முடியாது."

என் அப்பா முப்பத்தோரு வருஷம் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். ஷிப்டு முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்தால் தினமும் வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடியை உதறச் சொல்லிச் சோதனை போடுவார்கள். ஒரு குன்றிமணித் தங்கம் அவரிடம் சிக்கியதில்லை. அவர் பிள்ளை டீசல் திருடுகிறானாம்.

சரி, நிரூபித்துக் காட்டுவோம் என்று இறங்கினேன். டிரெய்லர் டயர்களுக்கு முழுக் காற்று அடித்தேன். சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்தேன். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயைக் கழற்றினேன். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. ஏழரை வரை வந்தது. அதற்குமேல் ஒரு பொட்டு நகரவில்லை.

பிறகு படகை எடை மேடையில் ஏற்றினேன். அறுநூறு கிலோ என்று தகட்டில் அடித்திருந்த படகு, தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டியது. முந்நூறு கிலோ எங்கிருந்து வந்தது என்று படகோட்டி அந்தோணியிடம் கேட்டேன். பக்கத்து லைனில் இருப்பவர், என்னைவிட நாலு வயது மூத்தவர்.

"பழைய போட்டு தம்பி. தரைக்கு அடியில ஃபோம் அடைச்சிருக்கான். வருஷக்கணக்கா தண்ணி குடிச்சி ஊறிப்போச்சி," என்றார். "ஊறினாலும் அது இருக்கணும். இந்த போட்டு எப்பவும் கொஞ்சம் தண்ணி விடும், மொண்டு ஊத்திக்கலாம். ஃபோம் இருக்கிற வரிக்கும் முழுவாது."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாம், சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போட்டிங் கிடையாது. சீட்டுகளைக் கழற்றி, தரையைக் கிரைண்டரால் அறுத்துத் திறந்தேன். உள்ளே ஃபோம் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பதினான்கு மூட்டை. சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினேன். தரையை மறுபடி ஒட்டிப் பெயிண்ட் அடித்து, சீட்டுகளை மாட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. அந்தோணியே கண்டுபிடிக்கவில்லை.

புது ஃபோம் வாங்கி அடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். காய்ந்த ஃபோம் மொத்தமே பதினைந்து கிலோ வராது. மைலேஜும் குறையாது. ஆனால் அதற்கு ஹரோல்டைக் கேட்க வேண்டும், படகைத் திறந்ததைச் சொல்ல வேண்டும். அடுத்த செவ்வாய் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்று செவ்வாய் போனது.

ஒன்பதை நெருங்கிவிட்டது என்று சாரதாவிடம் சொன்ன அன்று அவள் பாதி முகத்தால் சிரித்தாள். "அப்போ ரயிலுக்குப் போவ மாட்ட இல்ல?" என்று குழறிக் கேட்டாள். போக மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கிவிட்டு, ஹரோல்டைக் கூட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். ஏழு நாளைக்கு முன்னால் அவர் கண்ணெதிரே டேங்க்கை நிரப்பியிருந்தோம். மறுபடி கழுத்துவரை நிரப்பி, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஒன்று. என் தோளில் கை போட்டார். "தப்பா நெனச்சிட்டேன் பா, மனசுல வெச்சிக்காத," என்றார். சார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போது போன் அடித்தது. அந்தோணி.

"தம்பி, அடியில தண்ணி ஜாஸ்தியா வருது. போட்டு ஒரு மாதிரி ஆடுது. பதினோரு பேர் டிக்கெட் வாங்கிட்டு நிக்கிறாங்க. ஓனர் போனு எடுக்கல. இன்னா பண்றது?"

ஹரோல்ட் போனை வண்டியில் விட்டுவிட்டு என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய கை இன்னும் என் தோளில் இருந்தது. ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். தரையைத் திறந்து பார்த்திருப்பார். சாயங்காலமே சாவி கைமாறியிருக்கும்.

"எப்பவும் விடுற தண்ணிதாண்ணே," என்றேன். "ஒண்ணும் ஆவாது. ஏத்துங்க."

படகு முழுகி நாலு பேர் போய்விட்டார்கள், சார். மமதா என்ற ஆறு வயதுக் குழந்தை, அதன் அம்மா, பங்காருபேட்டைக்காரர் ஒருவர், அந்தோணி. லைஃப் ஜாக்கெட்டுகளை எல்லாரும் சீட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அந்தோணிக்கு நீச்சல் தெரியும். மூன்று பேரைக் கரைசேர்த்துவிட்டுக் குழந்தைக்காகத் திரும்பிப் போனவர் வரவில்லை.

பழியை அந்தோணி மேல் போட்டு நீங்கள் கேஸை முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஹரோல்டும் படகின் தரையைப் பார்த்துவிட்டு, நான் ஃபோமைத் திருடி விற்றதாக எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இரண்டும் தவறு. அறுத்தது நான், மறைத்தது நான், ஏற்றச் சொன்னதும் நான். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருட்டு என்று ஒரு வரி இருந்தாலும் போட மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. இதை அந்தோணியின் மனைவி புஷ்பவல்லிக்கு இன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். காலையில் நான் கிளம்பும்போது அழுது வீங்கிய முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ டேசனுக்குப் போய்ட்டு வாண்ணா, அக்காவ நான் பாத்துக்கறேன்," என்றாள். விஷயம் தெரிந்தால் எழுந்து போய்விடுவாள். இரண்டு மணிக்குச் சாரதாவைப் புரட்ட வேண்டும், சார்.