இருபத்திரண்டு நடுப்பத்திகள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒருமுறை நான் செய்த உபகாரத்தின் கதையைச் சொல்கிறேன். அதைக் குற்றம் என்றவர்களும் உண்டு.

பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, மணி அடிப்பது எல்லாம் நான்தான். ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்து படித்தவள் இல்லை. பார்வதி டீச்சர் கரும்பலகையில் எழுதுவதைத் துடைப்பத்தோடு வெளியே நின்று பார்த்து, அதே மாதிரி போட்டுப் போட்டு எழுத்துக் கற்றேன்.

டீச்சருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் தகப்பனார் படுத்த படுக்கை. அந்த வருஷம் பிள்ளைகள் தமிழ்க் கட்டுரையில் தேறினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை மதாம் சொல்லியிருந்தார்.

பிள்ளைகளுக்கு முன்னுரையும் முடிவுரையும் தலைகீழ்ப் பாடம். நடுவில்தான் தடுமாற்றம். "தலையையும் வாலையும் போட்டா கொழம்பு ஆயிடுமா? நடுத்துண்டு எங்கடி?" என்பார் டீச்சர். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அது ஏன் என்று காரணம். பிறகு கண்ணால் பார்த்த மாதிரி ஓர் எடுத்துக்காட்டு. கடைசியில் எல்லாவற்றையும் அந்தக் கருத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். எவ்வளவு நியாயமான காரியம். கேட்ட நாளிலிருந்து எனக்குக் கை பரபரத்தது.

சனிக்கிழமை பரீட்சை. 'நேர்மையின் சிறப்பு' என்று தலைப்பு. மனப்பாடம் மறந்துபோகுமே என்ற பயத்தில் பிள்ளைகள் முன்னுரையை எழுதி, இரண்டு பக்கம் விட்டு, முடிவுரையையும் எழுதிவிட்டுத்தான் நடுவுக்குத் திரும்புவார்கள். திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டது. விடைத்தாள் கட்டு மதாமின் அலமாரியில் இருந்தது. திங்கட்கிழமை வெளியிலிருந்து ஓர் ஐயா வந்து திருத்துவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கும். இருபத்திரண்டு தாளிலும் நடுப்பக்கம் வெள்ளையாக இருந்தது. பெற்ற வயிறு இல்லாவிட்டாலும் வயிறு வயிறுதானே. உட்கார்ந்து இருபத்திரண்டையும் நிரப்பினேன். பிள்ளைகள் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

எல்லாத் தாளிலும் ஒரே கருத்து: நேர்மை இல்லாதவரிடம் யாரும் பொருள் வாங்கக் கூடாது. காரணமும் நன்றாகவே அமைந்தது. எடுத்துக்காட்டு இது: 'வம்பாக்கீரப்பாளையத்தில் அஞ்சலாட்சி என்றொருத்தி இருக்கிறாள். நேற்றைய கானாங்கெளுத்தி மீனின் மேல் இன்றைய மணலைத் தூவி, இப்போதுதான் கரையேறியது என்று விற்கிறாள்.'

அஞ்சலாட்சி என் நாத்தனார். பதினோரு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். ஒருநாளாவது என் இலையில் நல்ல துண்டு விழுந்ததில்லை. அவள் மணல் தூவினாளா என்று கேட்பீர்கள். எடுத்துக்காட்டு பொருத்தமாக இருக்கவேண்டும் என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தார். நடந்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை.

திருத்த வந்த ஐயா ஐந்தாவது தாளிலேயே அஞ்சலாட்சியை நன்றாகத் தெரிந்துகொண்டார். எல்லாருக்கும் சுழி. அன்றைக்கே இருபத்திரண்டு வீட்டுக்கும் கதை போயிற்று. மறுநாள் அஞ்சலாட்சி கூடை குறையாமல் திரும்பி வந்தாள்.

"எவளோ படிச்சவ எம்மேல கண்ணு வச்சிட்டா, அண்ணி" என்று அழுதாள்.

படிச்சவ என்றாளே, அது எனக்குப் போதும்.

மதாம் விசாரித்தார். மணி முன்னாடியே அடித்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரீட்சை எழுதுகிற எந்தப் பிள்ளைதான் அப்படிச் சொல்லாது? ஆனால் அது உண்மை. பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே கடிகாரம் என் மணிக்குப் பக்கத்தில்தான். முக்கால் மணி நேரம் முன்னால் அடித்தேன். டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். விட்டிருந்தால் பிள்ளைகளே எழுதி முடித்திருப்பார்கள். அப்புறம் எனக்கு ஏது இடம்?

மதாம் எழுத்தைப் பார்த்தார். சுழிப்பு, கொம்பு, கால் எல்லாம் பார்வதி டீச்சரின் கரும்பலகை எழுத்து. வேலைக்கு ஆசைப்பட்டு டீச்சரே நிரப்பிவிட்டார் என்று முடிவாயிற்று. அவர் இல்லை என்றார். ஒருமுறைதான் சொன்னார்.

அவர் பெட்டி கட்டும்போது தண்ணீர் கொண்டுபோனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே பேசினார்.

"எவ எழுதினாளோ தனம், காரணம் சொன்ன வெதம் நல்லா இருந்துது. எடுத்துக்காட்டுதான் கொஞ்சம் நீளம்."

வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியை நான்தான் தூக்கிப்போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நீளம் என்று சொன்னதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

நேரமாயிற்று, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும். அவர்கள் தவித்து நிற்கிற நேரத்தில், என்னைப் போல நல்ல மனசுக்காரி ஒருத்தி பக்கத்திலேயே இருக்கட்டும்.