சிவசங்கரன் சாரின் எதிர் பெஞ்சு

பிறருடைய நியாயத்தைத் தன் நியாயம்போல் எடுத்துப் பேச ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோமே, அது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்கிற நன்மையா, தீங்கா? இரண்டு வாரங்களுக்கு முன் சிவசங்கரன் சார் என்னிடம் இதைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. தெரியாது என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் நாகையா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் தாட்சாயணி அம்மா அவர்களே, நகரியிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவ மாணவிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தப் பள்ளியில் நான் கணக்கு எடுப்பவள். மேடைப் பேச்சு எனக்கு வராது. இறந்தவர்களைத் தெய்வமாக்குவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சரித்திர ஆசிரியர் சிவசங்கரன் தெய்வம் அல்ல. மதியத்துக்கு மேல் அவருக்குக் கோபம் வரும். விடைத்தாள்களை ஒருநாளும் நேரத்துக்குத் திருத்தித் தந்ததில்லை. ஆனால் அவர் ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகள் என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி அவர் குரல் கேட்கும். பாரிஸ் கேட்கும், மாஸ்கோ கேட்கும், பிள்ளைகளின் சிரிப்பு கேட்கும். "கொஞ்சம் மெதுவாக" என்று எத்தனை முறை ஆள் அனுப்பியிருக்கிறேன்! இந்த மூன்று நாளாக அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குப் பாடம் நடத்த வரவில்லை.

எதிர் பெஞ்சு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, அக்டோபர் முதல் தேதி. ஆந்திர மாநிலம் பிறந்த நாள், நகரியும் அதோடு சேர்ந்த நாள். பள்ளியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். அவர் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தின்றார்கள். பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வீசினார்கள். சார் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "வீசினவன் எழுந்து, துன்னவன் ஏன் துன்னான்னு சொல்லு. துன்னவன் எழுந்து, வீசினவன் ஏன் வீசினான்னு சொல்லு" என்றார். முதலில் எழுந்தவன் சொன்னான்: "அவனுக்குப் பசி சார்." வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். "அது நியாயம்தான். இன்னும் யோசி" என்றார்.

அன்று தொடங்கியது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் தமிழ்ப் பிரிவையும் தெலுங்குப் பிரிவையும் ஒன்றாக உட்கார வைப்பார். ஐரோப்பாவின் சண்டைகளை இரண்டு மொழியிலும் சொல்வார். பிறகு பிள்ளைகளே பேச வேண்டும். ஒரு நிபந்தனை: யார் எந்தப் பக்கத்தை நம்புகிறாரோ, அவர் அந்தப் பக்கம் பேசக்கூடாது. எதிர்ப் பக்கத்தைப் பேச வேண்டும். அதையும் அந்தப் பக்கத்துக்காரன் கேட்டு "ஆமாம், என் மனசில் இருந்தது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி பேச வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுவாரம் மறுபடியும் அதே பேச்சு.

எனக்கு இது பிடிக்கவில்லை. மறைக்க மாட்டேன். திருத்தணிப் பகுதியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில் நேரிலேயே சொன்னேன்: "சார், இது விளையாட்டில்லை. இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் ரயிலை மறிக்கிறார்கள், சிறைக்குப் போகிறார்கள். நீங்கள் ஜெர்மனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்."

"ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவுல கோடு நகர்ந்தா படிக்கலாம், புத்தூருக்கும் திருத்தணிக்கும் நடுவுல நகர்ந்தா படிக்கக்கூடாதா டீச்சரம்மா?" என்று கேட்டார். நான் வகுப்புக்குப் போய்விட்டேன்.

இந்த ஆண்டு மார்ச் மாதம், புதிய எல்லை நடைமுறைக்கு வர இரண்டு வாரம் இருந்தபோது, ஐந்தாம் பாரத்தில், பத்தாம் வகுப்பில், ஒரு வெள்ளிக்கிழமை. "போட்ட கோடு சரியா?" என்பது தலைப்பு. அம்சவேணி எழுந்தாள். அவள் ஊர் எல்லையோரம். திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று ஊரே நின்றது. அவள் தகப்பனார் சின்னசாமி அவர்கள் அதற்காக நாற்பது நாள் சிறையில் இருந்தவர். ஆகவே முறைப்படி அவள் ஆந்திரத்தின் பக்கம் பேச வேண்டும். பேசினாள். "எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய் இந்தப் பக்கத்து மலையில இருந்து வருது. தலை இங்க இருக்க, வாயை மட்டும் அங்க கொண்டுபோய் வெச்சா யார் தண்ணி விடுவாங்க?" என்று கேட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பேச்சை அந்த வகுப்பில் நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமைச் சந்தையில் யாரோ சின்னசாமி அவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்: "இன்னாப்பா, உன் மக ஆந்திராவுக்கு வக்கீலாயிட்டாளாமே! நீ உள்ள போய் களி துன்னதெல்லாம் தண்டமா?"

ஏப்ரலில் கோடு விழுந்தது. அந்த ஊர் இந்தப் பக்கம், ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஜூனில் பள்ளி திறந்தபோது அம்சவேணி வரவில்லை. ஆறாம் பாரம், இந்த ஆண்டு பரீட்சை எழுத வேண்டிய பெண்.

அன்றிலிருந்து சிவசங்கரன் சார், அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பக் கேட்டு, ஞாயிறுதோறும் சைக்கிளில் அந்த ஊருக்குப் போனார். எட்டு ஞாயிறு. ஆறாவது ஞாயிறு, அம்சவேணியின் தாயாரிடம் ஒரு பெண் பேசினால் நல்லது என்று என்னையும் வரச் சொன்னார். பஸ்ஸில் போனேன். சின்னசாமி அவர்கள் சேற்றில் நின்றார். சார் வரப்பில் நின்றார்.

"இன்னா சார், வாராவாரம் வந்துகினே கீற? நாத்து நட ஆள் வேணும்னு சொல்லி வுட்டேனா?"

"வேணும்னா சொல்லுங்க, எறங்குறேன். சேறு எனக்குப் புதுசில்ல."

"வேணாம் சாமி. நீ நட்டா நாத்து கூட அந்தப் பக்கமா சாயும்."

சார் வாய்விட்டுச் சிரித்தார். சின்னசாமி அவர்களுக்கும் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "அந்தக் கால்வாய்க் கதைய அவளுக்குச் சொன்னதே நான்தான் சார். சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல தோள்ல தூக்கிகினு போய் மலையடிவாரத்துல காட்னேன். என் வாயால சொன்னதையே எடுத்து என்னை அடிக்கக் கத்துக் குடுத்துட்டியே."

சார் வரப்பை விட்டு இறங்கினார். பஸ் நிற்கும் இடம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அங்கேதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நன்மையா, தீங்கா? பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நன்மைதான் சார்" என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

போன ஞாயிறு எட்டாவது முறை. திரும்பும்போது ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அன்பானவர்களே, இந்த மூன்று நாளாக நகரித் தெருக்களில் ஒரு பேச்சு. "சின்னசாமிதான் வாத்தியாரைக் கொன்னுட்டான்" என்று. என் காதாலேயே கேட்டேன். எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு. சாதாரணக் கோபம் அல்ல. எட்டு ஞாயிறு வெயிலில் வந்த மனிதருக்கு ஒரே ஒரு முறை சரி என்று சொல்லக்கூடாதா?

இந்தக் கோபம் எனக்கு இருப்பதால்தான், சாரின் முறைப்படி இன்று சின்னசாமி அவர்கள் பக்கம் பேச வேண்டியவள் நான். அவர் அந்தத் தூணருகே நின்றுகொண்டிருக்கிறார். நான் சரியாகச் சொல்கிறேனா என்று அவரே கேட்கட்டும்.

நான் சின்னசாமி. என் தம்பி வீடு இன்று சென்னை மாநிலம். என் வீடு ஆந்திரம். நடுவில் இருப்பது ஒரு ஏரிக்கரை. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது நாள் நான் சிறையில் இருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. நான் தோற்றுவிட்டேன். ஊர் தோற்றுவிட்டது. தோற்றவனுக்கு வீட்டிலாவது ஒருவர் வேண்டாமா? அங்கேயும் என் மகள் எழுந்து நின்று, வென்றவர்களுக்காக, என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். அதற்குக் கைதட்டுகிறீர்கள். நான் எங்கே போய் உட்காருவேன்? பள்ளியின்மேல் எனக்குப் பகை இல்லை. எனக்கு வலிக்கிறது. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றை என் குரலிலேயே சொல்கிறேன். ஏரிக்கரையில் சாரைப் பார்த்துத் தூக்கி, மடியில் கிடத்தி, வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் சின்னசாமி அவர்கள்தான். வழியில் சார் ஏதாவது சொன்னாரா என்று தாட்சாயணி அம்மா அவரிடம் கேட்டார்கள். "ஒண்ணும் சொல்லல தாயே. என் கையப் புடிச்சுக்கினே இருந்தாரு" என்றார். கொன்றவனின் கையையா ஒருவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பார்?

தாட்சாயணி அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இனி அந்தச் சுவருக்கு அப்பால் யார் பேசுவார்? லட்டை வீசிய பிள்ளையிடம், தின்றவனைப் பற்றி யார் கேட்பார்? ஐயோ, எவ்வளவு சிறிய வேலை அது! அதைச் செய்ய இந்த ஊரில் ஒருவர்தானே இருந்தார்!

நாளை மூன்றாம் பாடவேளை ஆறாம் பாரத்துக்குச் சரித்திரம். புதிய ஆசிரியர் வரும்வரை நான் எடுக்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சரித்திரம் தெரியாது, படித்துக்கொண்டு வருவேன். எதிர் பெஞ்சு நிற்காது. அதை நம்பாத நானே நடத்துகிறேன். அவர் முறைக்கு அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது?

சின்னசாமி அவர்களே, உங்களிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. சார் எட்டு முறை கேட்டுவிட்டார்.

இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

*

மேலே உள்ளது புதன்கிழமை மாலை நான் பேசியது. பள்ளி மலருக்கு எழுதித் தரும்படி தலைமையாசிரியர் சொன்னபோது, மறுநாள் நடந்ததையும் சேர்க்க அனுமதி கேட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு நான் போனபோது, ஜன்னலோர இரண்டாம் பெஞ்சில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, தோளில் துண்டோடு, சின்னசாமி அவர்கள் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை; அன்றே இரண்டு பிரிவையும் சேர்த்து உட்கார வைத்தேன். பாடம் முதல் உலகப் போருக்குப் பிந்தைய சமாதான உடன்படிக்கை. தேதிகளில் ஒன்றைத் தவறாகச் சொன்னேன், பிள்ளைகள் திருத்தினார்கள். பிறகு பேச ஆள் பிரிக்க ஆரம்பித்தேன். அப்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா, தோத்தவங்க பக்கம் யாரு பேசறது?"

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தெலுங்குப் பிரிவுப் பெஞ்சிலிருந்து சிட்டிபாபு எழுந்தான். ஏப்ரல் முதல் தேதி கடைத்தெரு முழுவதும் லட்டு கொடுத்தது அவன் தகப்பனார்.

"நான் பேசறேன் நைனா" என்று, தன் அப்பாவை அழைப்பதுபோல் சின்னசாமி அவர்களை அழைத்துச் சொன்னான்.

பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக ஐந்து நிமிடம் பேசினான். "தோத்தவங்கள கையெழுத்துப் போடத்தான் கூப்ட்டாங்க. பேசறதுக்குக் கூப்புடல" என்று முடித்துவிட்டு, வழக்கப்படி எதிர்ப் பக்கத்தைப் பார்த்து, சரியா என்று கேட்டான். அவன் பார்த்தது ஜன்னலை.

சின்னசாமி அவர்கள் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்சவேணி கடைசி மணி வரை இருந்தாள். வெளியே அவளுக்காக வண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாரை ஏற்றிவந்த அதே வண்டி.