பொட்டு வைத்த டப்பா

"டப்பா மேல பொட்டு இருந்துச்சே, அப்பகூடவா ஒனக்கு சந்தேகம் வரல?"

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மின்சார ரயிலில் எதிரே இருந்த பெண் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் மடியில் ஆயில் ஃபில்டர் வந்த காலி அட்டை டப்பா. பக்கத்தில் கணவர். அவர்களுடைய வாடகைக் கார் இன்ஜின் போய் புதுவாயலில் நிற்கிறது என்பது மீஞ்சூர் வருவதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"கடக்காரரே பூஜ போட்டுக் குட்த்தாருன்னு நெனச்சேன்மே."

"அவன் எதுக்குய்யா ஒன் ஃபில்டருக்குப் பூஜ போடப் போறான்? போன தபா நல்ல ஃபில்டர் வாங்கினு வந்து, சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, டப்பாக்கு சந்தனம் குங்குமம் வச்சது யாரு?"

"நான்தான்."

"மாட்டினப்புறம் காலி டப்பாவ கிழிச்சுப் போடுன்னு சொன்னேனா இல்லியா?"

"பொட்டு வச்சத எப்டிமே கிழிக்கறது? கடைலயே குட்த்துட்டேன்."

"அதே டப்பால டூப்ளிகேட்ட போட்டு ஒனக்கே வித்துக்கிறான்! உள்ள பேப்பர் பிஞ்சி இன்ஜினே பூடுச்சு. நீ வச்ச பொட்டுய்யா இது!"

டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"இப்பவாவது கிழி!"

டப்பாவை வாங்கிக் கிழித்தார். பொட்டு இருந்த பக்கத்தை மட்டும் கிழிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்ஜின் போச்சு," என்றாள் எங்களைப் பார்த்து. "பொட்டு மட்டும் பத்திரமா கீது!"