வெலிமடையில் மழை

ஹலோ... ஹலோ, பலீல் நானா கடைங்களா?... ஆமா, ஆமா, நான் கனகம் பேசுறேன். தோட்டத்துக் கீழ் லயத்துக் கனகம்... வெலிமடையில இருந்துதான். நான் வேலை செய்யுற உருளைக்கிழங்கு ஸ்டோர்ல இருந்து... நல்லா இருக்கேன் நானா, அதெல்லாம் அப்புறம். எங்க வீட்டுக்காரரு, தவமணி அப்பா, கடைக்கு வந்தாரா? புள்ளைங்க ரெண்டையும் தூக்கிக்கிட்டு?...

வந்தாரா! எப்ப?... சூடமும் தேங்காயும் வாங்கிட்டு... போயாச்சா? நானா, போயாச்சா?

ஐயோ.

...இல்லங்க, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. கேளுங்க. கொஞ்சம் பேச விடுங்க நானா. இங்க மழை... ஆமா, மழை. மத்தியானத்துல இருந்து கொட்டுது. ஸ்டோருக்குப் பின்னால இருக்கிற ஓடை பாலத்துக்கு மேல ஏறிப் போகுது... சிரிக்காதீங்க. தெரியுது, அங்க வெயில்தான். பீலியில சொட்டுத் தண்ணி இல்ல, தெரியுது... மழையக் கட்டி லொறியில அனுப்பவா? பகிடி பண்ணுற நேரமா இது? அனுப்ப வேண்டாம் நானா, அதுவே வருது! இந்த ஓடைதான் உங்க கடைக்குக் கீழ இருக்கிற கல்லுப்பொளவுக்குள்ள போய் விழுகுதாம்...

சத்தியமா. மரக்கறி லொறி ஓட்டுற மஹ்ரூப் இப்பதான் சொன்னாரு. நாம எல்லாரும் அது நம்ம மலையில ஊறுற தண்ணின்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருக்கோம். நம்ம தலைக்கு மேல மேகம் இல்லைன்னா பொளவும் காஞ்சு கெடக்கும்னு... ஆமா, மணல்தான். இப்ப வெறும் மணலாத்தான் இருக்கும். ரெண்டு பக்கமும் சுவராட்டம் கல்லு, ஒரு ஆளு ஒடுங்கிப் போற எடம், புடிச்சு ஏற ஒரு வேரு கூட இல்ல. தண்ணி வந்தா எங்க போவாங்க?

...வேண்டுதல்தான் நானா. சின்னவன் இன்னும் நிக்கவே மாட்டேங்கிறான்ல. பொளவுக்குக் கீழ்வாசல்ல நுழைஞ்சு மேல்வாசல் வழியா வெளியேறினா கால் ஊணும்னு நான்தான் நேர்ந்தேன்... பெரியவ அழுதிருப்பா, அதான் அவளையும் தூக்கிக்கிட்டாரு. மூணு வயசு. பத்தடி நடப்பா, அப்புறம் தூக்கும்பா.

யாரையாவது அனுப்புங்க. கடையில யாரு நிக்கிறா?... மாடசாமி அண்ணனா! ஓடச் சொல்லுங்க... என்னது? இப்பதான் அங்க இருந்து வந்தாரா?... வாசல் வரைக்கும் கூடப் போனாரா... உள்ள போனதைப் பாத்தாரா... பெரியவ கூவிக் கூவிச் சிரிச்சாளா...

நானா, அவரத் திரும்பப் போகச் சொல்லுங்க. வாசல்ல நின்னு கத்திக் கூப்பிடச் சொல்லுங்க... ஏன்?... ஏன் மாட்டேங்கிறாரு?... பொளவுக்குள்ள போனவங்களப் பின்னால இருந்து கூப்பிட்டா வேண்டுதல் கெட்டுப்போகும்... தெரியும்! எனக்கும் தெரியும்! கெட்டுப்போகட்டும்! புள்ள நிக்காமலே இருக்கட்டும், காலம் பூரா நான் இடுப்புல வச்சுச் சுமக்குறேன். சாமி குத்தம் வந்தா என் தலையில வரட்டும்னு சொல்லுங்க... சொன்னீங்களா? சத்தமாச் சொல்லுங்க நானா!

...ஓடுறாரா?... ஆமா... ஆமா, அவருக்கு முழங்கால் நோவு... வேணாம், நீங்க போகாதீங்க, நீங்க போனை வைக்காதீங்க. வைக்காதீங்க.

...கூப்பிட்டாலும் தவமணி அப்பா திரும்ப மாட்டாரு நானா. போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப நான்தான் சொல்லிட்டு வந்தேன். யாரு கூப்பிட்டாலும் திரும்பாதீங்க, என் கொரலே கேட்டாலும் திரும்பாதீங்கன்னு. எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு பேசுற மனுசன், இதுக்கு மட்டும் சரி சரின்னாரு.

யாரு?... எக்ஸ்சேஞ்சா? மாத்தயா, லைனை வெட்டிறாதீங்க ஐயா. புள்ளைங்க விசயம். இன்னும் கொஞ்சம் குடுங்க... சரி, சரி, காசு கட்டுறேன்...

நானா? இருக்கீங்களா?... தோட்டத்து ஆபீசா? ஞாயித்துக்கெழம பூட்டித்தானே கெடக்கும்... கிளாக்கரையாவும் பதுளைக்குப் போயிட்டாரா. ஆமா... நீங்க சொல்லுங்க, இந்நேரம் மேல்வாசலுக்கு வந்திருப்பாங்கல்ல?... இல்ல. நடுவுல நின்னு சூடம் கொளுத்தணும். புள்ளய மணல்ல நிறுத்திப் புடிச்சுக்கிட்டு, அது எரிஞ்சு அணையிற வரைக்கும் அசையக் கூடாது... எவ்வளவு சூடம் வாங்கினாரு?... பெரிய பாக்கெட்டா... முழுசாவா.

சின்னதா வாங்கியிருக்கலாம்.

...என்ன நானா? என்ன சத்தம் அது? எனக்கே கேக்குதே... லொறியா? எட்டிப் பாருங்க, ரோட்டுல லொறி ஏதும் ஏறி வருதா?... இல்லையா... அங்க மழை வந்துருச்சா?... வெயில் அப்படியே அடிக்குதா...

...ஆமா. ஆமா நானா. நீங்க சொல்ல வேணாம்.

மாடசாமி அண்ணன் எதுவரைக்கும் போயிட்டாரு? கண்ணுக்குத் தெரியிறாரா?... வந்துரச் சொல்லுங்க. எறங்க வேணாம்னு சொல்லுங்க, அவரு வீட்டுலயும் சின்னப் புள்ளைங்க இருக்கு... கூப்பிடுங்க நானா, ஓடுங்க... நான் வைக்கல. நான் இங்கயே இருக்கேன்...

மாத்தயா, இன்னும் கொஞ்சம்... மாத்தயா... ஹலோ...

ஹலோ...